தட்டிக்கு அந்தப் பக்கம்

போர்டை எதைக் கொண்டு மறைப்பது? செவ்வாய்க்கிழமை காலையில் நரசிம்மலுவுக்கு இருந்த கவலை அதுதான்.

மறைக்காமலே தப்பிக்க முடியுமா என்றும் ஒரு தடவை முயன்று பார்த்தார்.

"ஏனுங்க சிஸ்டர், இந்த ஒரு வாரம் மட்டும் கிளினிக்கை நாளைக்கு வெச்சுக்கக் கூடாதுங்களா?"

பாத்திமுத்து சிஸ்டர் பினாயில் வாளியைக் கீழே வைத்தார். "அண்ணா, டாக்டர் கோயமுத்தூர்ல பஸ் ஏறியாச்சு. நீங்க வேணும்னா உங்க வரி வசூலை நாளைக்கு வெச்சுக்கங்க."

"அது கவர்மெண்டுங்க."

"கவர்மெண்டு சொன்னா இருமல் நிக்குமாண்ணா?" என்று கேட்டுவிட்டு அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

பொள்ளாச்சியிலிருந்து டவுன் பஸ் போகிற பேரூராட்சிகளில் ஒன்று அது. நரசிம்மலு அங்கே தலைமை எழுத்தர். தொண்ணூற்றாறில் உள்ளாட்சித் தேர்தல் முடிந்து வந்த புதிய மன்றம், வந்த சூட்டோடு ஒரு புண்ணிய காரியம் பண்ணிவிட்டது. அலுவலகக் கட்டடத்தில் பாதியை ஒரு டிரஸ்ட்டுக்கு இலவசமாக விட்டுக்கொடுத்தது. ஏழைகளுக்கு வைத்தியம் என்றார்கள், எல்லோரும் கை தட்டினார்கள், ரிப்பன் வெட்டிப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். என்ன வைத்தியம் என்று யாரும் கேட்கவில்லை. 'காசநோய் இலவச சிகிச்சை மையம்' என்று போர்டு மாட்டின பிறகுதான் கவுன்சிலர்களுக்கு உறைத்தது. அன்றிலிருந்து அவர்கள் கூட்டத்துக்குப் பின்பக்கப் படியேறித்தான் வருகிறார்கள்.

கட்டடத்துக்கு நடுவே ஒரு பிளைவுட் தட்டி. கூரைவரை எட்டாத தட்டி. இந்தப் பக்கம் வீட்டு வரி, தண்ணி வரி, பிறப்பு இறப்பு. அந்தப் பக்கம் சளிப் பரிசோதனை, மாத்திரை, ஊசி. முன்வாசல் மட்டும் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றே ஒன்று. அந்த வாசலுக்கு நேர் எதிரே பேக்கரி. அங்கே டீ குடிக்கிறவர்களுக்குச் செவ்வாய்க்கிழமை வந்தால் நல்ல பொழுதுபோக்கு.

அதனால் உள்ளூர்க்காரன் எவனும் இந்தக் கிளினிக்குக்கு வருவதில்லை. நோய் இருந்தால் பஸ் ஏறி உடுமலைக்குப் போய்விடுவான். உடுமலைக்காரன் இங்கே வருவான். வந்தாலும் ஊர்ப் பெயரை மாற்றித்தான் சொல்வான்.

"எங்க கணக்குப்படி இந்த ஊர்ல ஒருத்தருக்குக்கூட டி.பி. இல்லைங்கண்ணா. அந்தியூர்ல இருந்துதான் கூட்டங்கூட்டமா வர்றாங்க" என்று பாத்திமுத்து சிரிப்பார். அந்தியூர் ஈரோட்டுக்கும் அந்தப் பக்கம். குதிரைச் சந்தைக்கு ஒரு பெயர் உண்டு என்பதைத் தவிர இங்கே யாருக்கும் அந்த ஊரைப் பற்றி ஒன்றும் தெரியாது. பொய் சொல்ல அதைவிட வாகான ஊர் கிடைக்குமா?

நரசிம்மலுவின் மனைவி வெங்கடம்மாளும் அந்தியூர்க்காரியாகத்தான் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

மகள் ஹாரிகாவுக்கு வரன் பார்க்கிற நேரம். அம்மாவுக்கு இப்படி என்று வெளியே தெரிந்தால் யார் கட்டுவார்கள் என்று ஒரு வருஷம் இருமலை முந்தானைக்குள்ளேயே வைத்துக்கொண்டு காலம் தள்ளினாள். ரத்தம் வந்த பிறகுதான் புருஷனிடம் சொன்னாள். புருஷனும் பெஞ்சாதியும் உட்கார்ந்து யோசித்து ஓர் ஏற்பாடு செய்தார்கள். செவ்வாய்க்கிழமைகளில் அவர் முதலில் வண்டியில் போய்விடுவார். அவள் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு பின்னால் நடந்து வருவாள். அவருடைய மேஜையைத் தாண்டும்போது யாரோ மாதிரி தாண்டுவாள். அவரும் யாரோ மாதிரி குனிந்து எழுதிக்கொண்டிருப்பார்.

ஆனால் காது சும்மா இருக்குமா? தட்டிக்கு அந்தப் பக்கம் இத்தனை பேர் இருமினாலும் அவளுடைய இருமல் அவருக்குத் தனியாகக் கேட்கும். அது கேட்ட உடனே, "அடுத்து ஆருங்க? வாங்க, வாங்க!" என்று தொண்டை கிழியக் கத்துவார். வரி கட்ட ஆள் இருந்தாலும் கத்துவார், இல்லாவிட்டாலும் கத்துவார். அவளுடைய இருமலை வேறு யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது. பாவம், அவருக்குச் செய்யத் தெரிந்த உதவி அது ஒன்றுதான்.

சில நாள் அந்தப் பக்கமிருந்து அவள் சிரிப்புச் சத்தமும் கேட்கும்.

"அந்த பெஞ்சுல உக்காந்துட்டு அப்படி என்னடி சிரிப்பு?" என்று வீட்டுக்கு வந்து கேட்பார்.

"ஒண்ணுமில்லீங்க. அந்தியூர்க் கதை" என்பாள்.

வைத்தியம் தாமதமாக ஆரம்பித்தது. தாமதத்துக்கு மாத்திரை இல்லை. ஐப்பசி மழையில் ஒரு விடியற்காலை அவள் போய்விட்டாள். அத்தனை செவ்வாய்க்கிழமையிலும் அந்தத் தட்டியைச் சுற்றிக்கொண்டு ஒரு தடவையாவது அந்தப் பக்கம் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாரா என்றால், இல்லை. அது அவர் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. எடுக்கவும் முடியவில்லை, யாரிடமும் சொல்லவும் முடியவில்லை.

வருஷம் திரும்பியதும் கரூர்ப் பக்கம் ஓர் இடம் கூடி வந்தது. யாரோ போய்க் காதில் ஓதினார்கள். மறுவாரமே ஜாதகம் திரும்பி வந்துவிட்டது. ஹாரிகா அன்றைக்குப் பூராவும் வீட்டைக் கழுவிக்கொண்டே இருந்தாள், கழுவின இடத்தையே திரும்பத் திரும்ப.

இந்த நிலைமையில்தான் தரகர் கண்ணையா திங்கட்கிழமை பொழுது சாய வந்து நின்றார்.

"தாராபுரத்து இடமுங்க. நம்ம சனந்தான், ஊட்டுல தெலுங்குதான். பையன் பேரு வம்சி, கோயமுத்தூர்ல மோட்டார் கம்பெனில வேலை. அப்பா எத்திராஜுலு. நகை கேக்கலீங்க, சீர் கேக்கலீங்க. பொண்ணு போட்டோவை நீட்டினா, 'வேண்டாங்க, பொண்ணு எங்களுக்குப் புடிச்சுருக்குது'ங்கறாரு. அம்மா போயி வருசம் திரும்பிடுச்சுங்களான்னு மட்டுந்தான் கேட்டாரு. நானும் காலங்காலமாத் தரகு பண்றேன், இப்படி ஒரு மனுசனைப் பாத்ததில்லீங்க."

"என்ன கண்ணையா, ஏதாச்சும் வில்லங்கம் இருக்குமாட்ட இருக்குதே?"

"வில்லங்கம் நம்ம பக்கந்தானுங்க இருக்குது" என்றார் கண்ணையா. அவருக்கு விஷயம் தெரியும். "நாளைக்குக் காத்தால அவரே உங்க ஆபீசுக்கு வர்றாராம். சொல்லாம கொள்ளாம. நாஞ் சொன்னதாக் காட்டிக்காதீங்க."

சம்பந்தம் பேசுவதற்கு முன்னால் வேலை செய்கிற இடத்துக்கே வந்து ஆளை நோட்டம் பார்ப்பது இந்தப் பக்கத்து வழக்கம். வீட்டில் எல்லோரும் நல்லவர்கள்தான், ஆபீசில் வந்து பார்த்தால்தான் வண்டவாளம் தெரியும் என்று ஒரு கணக்கு.

"ஆளு எப்படி இருப்பாரு?"

"வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோள்ல துண்டு, கையில மஞ்சப்பை."

இந்த அடையாளத்தை வைத்துக்கொண்டு கொங்கு நாட்டில் யாரையாவது கண்டுபிடிக்க முடியுமா? பால் சொசைட்டித் தலைவரும் அப்படித்தான் இருப்பார். மாடு பிடிக்கச் சந்தைக்குப் போகிறவரும் அப்படித்தான் இருப்பார். நரசிம்மலுவே ஞாயிற்றுக்கிழமைகளில் அப்படித்தான் இருப்பார்.

வருகிறவர் போர்டைப் பார்க்கக் கூடாது. பார்த்தால், "இது எத்தனை நாளா இங்க இருக்குது?" என்று பேக்கரியில் கேட்பார். பேக்கரியில் கேட்டால் கேட்காததையும் சேர்த்துச் சொல்வார்கள். வெங்கடம்மாள் பெயர் வரும். தாராபுரமும் கரூர் வழியில் போய்விடும். ஹாரிகா மறுபடியும் வீட்டைக் கழுவ ஆரம்பிப்பாள்.

நரசிம்மலு பீரோவைக் குடைந்து ஒரு துணி பேனரைக் கண்டெடுத்தார். 'வரி வசூல் சிறப்பு முகாம் - வரி செலுத்துவோர் இங்கே அமரவும்'. அதை டிரஸ்ட்டு போர்டின்மேல் இழுத்துக் கட்டினார். கச்சிதமாகப் பொருந்தியது. இரண்டடி பின்னால் தள்ளி நின்று பார்த்து, பரவாயில்லை, நமக்கும் மூளை வேலை செய்கிறது என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டார்.

அந்தச் சந்தோஷம் ஒரு டீ குடிக்கிற நேரம்கூட நிற்கவில்லை.

போர்டைக் காணாத நோயாளிகள் நேராக அவர் மேஜைக்கு வந்தார்கள். முதலில் வந்தவர் காடுமேட்டில் மாட்டை அதட்டிப் பழகின மனிதர். "ஏனுங், டி.பி.க்கு மருந்து குடுக்கறது இங்கீங்களா?" என்று அவர் கேட்டது பேக்கரிவரை போயிற்று.

"மெதுவாப் பேசுங்க! அந்தப் பக்கம்!"

"அந்தப் பக்கம் வரி வசூல்னு எழுதியிருக்குதுங்களே?"

வரி கட்ட வந்தவர்களோ பேனரைப் படித்துவிட்டு, ஒழுங்காக நோயாளிகள் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள். அரிசி மில்காரர் ஒருவர். ஊரில் பெரிய கை. அவரிடம் பாத்திமுத்து ஒரு டப்பியைக் கொடுத்து, "நல்லா அடியில இருந்து காறித் துப்பிக் குடுங்க" என்று சொல்லிவிட்டார். மில்காரர் டப்பியைக் கொண்டுவந்து நரசிம்மலுவின் மேஜைமேல் டொக்கென்று வைத்தார்.

"என்னய்யா நரசிம்மலு, இது என்ன புது வரியா?"

"அய்யோ, தப்பு நடந்துபோச்சுங்க..."

"வருசா வருசம் ஏத்துறீங்க, பொறுத்துக்கிட்டோம். இப்ப துப்பவும் சொல்றீங்களா?"

போகிற போக்கில் மில்காரர் பேனரைப் பிடித்து இழுத்தார். அது சரியாக நடுவில் கிழிந்து இரண்டாயிற்று. போர்டு பளிச்சென்று வெளியே வந்தது. துணி துடைத்ததில் முன்னைவிடச் சுத்தமாக வேறு இருந்தது.

சரி, போர்டை மறைக்க முடியாவிட்டால் போகட்டும், நோயாளிகளை மறைப்போம் என்று அடுத்த யோசனைக்குத் தாவினார். போர்டு மட்டும் இருந்து ஆள் யாரும் இல்லாவிட்டால், 'அது மூடிக் கெடக்குதுங்க' என்று சமாளித்துவிடலாமே? நோயாளிகளையே பெஞ்சைத் தூக்கிவரச் சொல்லி, இந்தப் பக்கம் தன் மேஜைக்கு எதிரே போட்டார்.

"எல்லாரும் இங்கயே ஃபேனுக்கு அடியில உக்காருங்க. வரி கட்ட வந்தவங்களாட்ட இருக்கோணும். சித்தெ நேரந்தான். ஆரும் இருமிப்போடாதீங்க."

அவர்களுக்கு ஒரே சந்தோஷம். இத்தனை நாளில் இந்த அலுவலகத்தில் அவர்களை முன்னால் வந்து உட்காரச் சொன்னவர் யாருமில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கௌரவமாக உட்கார்ந்தார்கள்.

அந்த நேரம் பார்த்துச் செயல் அலுவலர் உள்ளே நுழைந்தார். பெஞ்சு நிறைய ஆட்கள். அவர் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்த நாளாக வரி கட்ட ஒரு நேரத்தில் இரண்டு பேருக்குமேல் பார்த்ததில்லை. முகமெல்லாம் பல்லாகி அங்கேயே நின்று பேச ஆரம்பித்துவிட்டார்.

"பொதுமக்கள் தாங்களாகவே முன்வந்து இப்படிக் கூட்டமாக வந்திருப்பது..."

பெஞ்சில் ஒருவருக்குத் தொண்டை அரித்தது. அடக்கிப் பார்த்தார், கண்ணில் நீர் வந்தது, முடியவில்லை. ஒருவர் இருமினால் பக்கத்திலிருப்பவர் சும்மா இருப்பாரா? அதுவும் இருமக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிற இடத்தில்? பெஞ்சு பூராவும் ஒரே மூச்சில் அடக்கி வைத்ததையெல்லாம் இருமியது. செயல் அலுவலருக்கு விஷயம் புரிந்தது. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்தினார்.

"நரசிம்மலு! அந்த பெஞ்ச் அடுத்த நிமிஷம் அந்தப் பக்கம் போயிருக்கணும்!"

பெஞ்சு பழையபடி அந்தப் பக்கம் போயிற்று. நோயாளிகள் கொஞ்சம் வருத்தத்தோடு எழுந்து அதன் பின்னாலேயே போனார்கள். நரசிம்மலுவுக்கு வேர்த்துக் கொட்டியது. அப்போது வாசலில் யாரோ ஒருவர் கையில் பையோடு நின்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு நோயாளி! நரசிம்மலுவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"என்னங்க அங்கியே நின்னு வேடிக்கை? தட்டிக்கு அந்தப் பக்கம் போங்க! இருமல் எல்லாம் அந்தப் பக்கம்!"

அந்த மனிதர் அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு லேசாகச் சிரித்துவிட்டு, சொன்னபடியே அந்தப் பக்கம் போனார்.

நரசிம்மலு நாற்காலியில் விழுந்து முகத்தைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தால், மேஜைக்கு எதிரே ஒருவர் நிற்கிறார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, கையில் மஞ்சப்பை. புது வேட்டி, மடிப்புக்கூடக் கலையவில்லை. தாராபுரத்துக்காரர்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நரசிம்மலுவுக்குச் சட்டென்று ஒரு வழி தோன்றியது. தெலுங்கில், "வாங்க, வாங்க, உட்காருங்க" என்றார்.

வந்தவர் திகைத்துப்போனார். பிறகு அவரும் தெலுங்கிலேயே, "இருக்கட்டுங்க, நிக்கறனுங்க" என்றார்.

சந்தேகமே இல்லை! அடக்கத்தைப் பார், நின்றுகொண்டே பேசுகிறாராமே! நரசிம்மலு எழுந்து வந்து அவர் தோளைப் பிடித்து அழுத்தித் தன் நாற்காலியிலேயே உட்கார வைத்தார். பேக்கரிக்கு ஆள் அனுப்பி ஸ்பெஷல் காப்பி வரவழைத்தார். தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து ஓர் இருமல் வந்தது. "பக்கத்துல மாவு மில்லு இருக்குதுங்க, தூசி" என்று கேட்காமலே விளக்கம் சொன்னார்.

"பையன் நல்லா இருக்காருங்களா?" என்று பூடகமாக ஆரம்பித்தார்.

"இருக்கறானுங்க. கோயமுத்தூர்ல மோட்டார் கம்பெனிக்குத்தான் போயிட்டிருக்கறான்" என்றார் வந்தவர், தன் பையனைப் பற்றி இவருக்கு எப்படித் தெரியும் என்ற ஆச்சரியத்தோடு.

"பொண்ணு வந்தா நல்லா வெச்சுக்குவீங்கன்னு கேள்விப்பட்டேனுங்க."

"நல்லா வெச்சுக்கலாமுங்க. தண்ணிதானுங்க இல்லை. எங்க பக்கம் வந்து வாக்கப்படவே பொண்ணுங்க யோசிக்குதுங்க. ஒரு கொடம் தண்ணிக்கு ஒரு மைல் போகோணும்." சொல்லிவிட்டு மஞ்சப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். "பொதுக்குழாய் ஒண்ணு வேணுமுங்க."

நரசிம்மலுவுக்குப் புல்லரித்துவிட்டது. தனக்காக ஒன்றும் கேட்காமல் ஊருக்குக் குழாய் கேட்டு வந்திருக்கிறாரே! இல்லை, இது சோதனை. ஏழை எளியவன் மனுவோடு வந்தால் இந்த மனுஷன் எப்படி நடந்துகொள்கிறான் என்று சம்பந்தி நோட்டம் பார்க்கிறார். அட, நம்மிடமேவா! தாளைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் எடுத்துக்கொண்டு செயல் அலுவலர் அறைக்குள் பாய்ந்தார். உள்ளே அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலோரம் நின்றிருந்தார். பேப்பரை நீட்டினவன் சீக்கிரம் வெளியே போனால் போதும் என்று, 'உடனே அமைக்கவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தள்ளிவிட்டார். ஆறு தடவை மனு கொடுத்தாலும் நகராத காரியம், காப்பி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

வந்தவர் அந்தத் தாளை வாங்கி, கையெழுத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

அந்த நேரத்தில் கண்ணையா மூச்சிரைக்க உள்ளே வந்தார். "எத்திராஜுலு வந்துட்டாருங்களா? முதல் பஸ்ஸுக்கே கெளம்பிட்டாராமுங்க!"

"வந்தாச்சு, பேசியாச்சு, காப்பி குடிச்சாச்சு, குழாயே குடுத்தாச்சு!" நரசிம்மலு பெருமையோடு நாற்காலியைக் காட்டினார்.

கண்ணையா நாற்காலியைப் பார்த்தார். நரசிம்மலுவைப் பார்த்தார்.

"இவரு நம்ம மேட்டுக் காலனி சின்னானுங்க."

நரசிம்மலுவின் முகத்தில் ஈயாடவில்லை. மேட்டுக் காலனியிலிருந்து எத்தனையோ பேர் இந்தக் குழாய்க்காக வந்து ஜன்னலுக்கு வெளியே நின்றிருக்கிறார்கள். ஒருவர் முகத்தையாவது அவர் ஏறிட்டுப் பார்த்திருந்தால்தானே! காலனியிலும் வீட்டுக்கு வீடு தெலுங்குதான் பேசுவார்கள் என்பதும் அவருக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது.

சின்னான் எழுந்தார். தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார். "ஆரோன்னு நெனச்சுத்தான் உக்கார வெச்சீங்கன்னு அப்பவே தெரிஞ்சுதுங்க. ஆனாப் பாருங்க, பேப்பர்ல எங்க காலனி பேருதானுங்க இருக்குது." வாசலுக்குப் போனவர் திரும்பி, "காப்பி நல்லா இருந்துதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"அப்ப எத்திராஜுலு எங்கய்யா?"

கண்ணையா ஸ்டூல்மேல் ஏறித் தட்டிக்கு மேலே எட்டிப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே இறங்கினார்.

"டி.பி. பெஞ்சுல உக்காந்திருக்காருங்க. நீங்களா அனுப்பினீங்க?"

வாசலில் பையோடு நின்று, திட்டு வாங்கி, சிரித்துவிட்டுப் போன அந்த முகம் நரசிம்மலுவின் கண்முன் வந்தது.

"எனக்குப் பொள்ளாச்சில ஒரு சோலி இருக்குதுங்க, போயிட்டு வாரேன்" என்று கண்ணையா நழுவிவிட்டார். தரகர்கள் எப்போதும் இந்த மாதிரி நேரத்தில்தான் சோலி வைத்துக்கொள்வார்கள்.

இனி என்ன இருக்கிறது? எல்லாம் போயிற்று. நரசிம்மலு எழுந்து, தட்டியைச் சுற்றிக்கொண்டு, முதல் தடவையாக அந்தப் பக்கம் போனார்.

பத்தடி இடம். பினாயில் வாடை. சுவரோரம் பெஞ்சு. அதன் ஒரு முனையில் எத்திராஜுலு மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டு, ஊருக்கு வந்த விருந்தாளி மாதிரி நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு டம்ளர் டீ வேறு. பாத்திமுத்துதான் கொடுத்திருக்க வேண்டும்.

அந்த நேரம் நரசிம்மலு இல்லாத மேஜையில் பில் கலெக்டர் உட்கார்ந்துவிட்டார் போலிருக்கிறது. "அடுத்து ஆருங்க?" என்று அவர் கூப்பிட்டது இந்தப் பக்கம் கணீரென்று கேட்டது. பேனாவை மேஜையில் வைக்கிற சத்தம்கூடக் கேட்டது. நரசிம்மலு நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். இத்தனை தெளிவாகவா கேட்டிருக்கும்? அத்தனை செவ்வாய்க்கிழமையும் அவள் இங்கே உட்கார்ந்து, தான் தொண்டை கிழியக் கத்தினதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாளா?

"மன்னிச்சுப்போடுங்க" என்றார். "ஆளு தெரியாமப் பேசிப்போட்டேன்."

"அட, விடுங்க. உக்காருங்க" என்று எத்திராஜுலு நகர்ந்து இடம் விட்டார்.

நரசிம்மலு உட்கார்ந்தார். அவள் உட்கார்ந்த பெஞ்சு. காலையிலிருந்து மறைத்து மறைத்து அலுத்துப்போன மனுஷன், இனிமேல் மறைக்கத் தெம்பில்லாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"உங்ககிட்ட மறைக்கறதுக்குத்தானுங்க இன்னைக்கு இத்தனை கூத்தும். என்ற சம்சாரம் டி.பி.யிலதானுங்க போனா. இந்த பெஞ்சுலதான் உக்காந்திருந்தா. நான் தட்டிக்கு அந்தப் பக்கம் உக்காந்திருந்தேன். ஒரு நாள்கூட இங்க வந்து அவ பக்கத்துல உக்காரலீங்க. ஆராச்சும் பாத்துட்டாப் பொண்ணு கல்யாணம் கெட்டுப்போகும்னு பயம். அவளும் வர வேண்டாம்னுதான் சொன்னா. ஆனா நான் வந்திருக்கோணுமுங்க."

நரசிம்மலு கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என்ற பொண்ணுக்கு ஒரு நோவுமில்லீங்க. எல்லாப் பரிசோதனையும் பண்ணிப் பாத்தாச்சு. வேண்டாம்னு சொல்றதா இருந்தா என்னைச் சொல்லி வேண்டாம்னு சொல்லுங்க. கட்டினவ பக்கத்துல வந்து உக்காராதவன் ஊட்டுல பொண்ணு எடுக்க மாட்டோம்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன். அவளைச் சொல்லிப்போட்டுப் போகாதீங்க. அவ பாவமுங்க."

தட்டிக்கு அந்தப் பக்கம் பில் கலெக்டர் மறுபடியும், "அடுத்து ஆருங்க?" என்று கத்தினார். எத்திராஜுலு அந்தத் தட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது, ஆனால் உதட்டில் சிரிப்பு வந்தது. நரசிம்மலுவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தம்மாவை எனக்குத் தெரியாதுங்களா? நானும் அந்தியூர்க்காரன்னு பொய் சொல்லிப்போட்டு ஒரு வருசம் இதே பெஞ்சுல உக்காந்து வைத்தியம் பாத்தவன்தானுங்க, எம்பையனுக்கு உங்க பொண்ணுன்னு நாங்க ரெண்டு பேரும் இங்கயே பேசி முடிச்சுட்டோம், அதுக்கப்பறம் நீங்க அந்தப் பக்கம் கத்தறப்பெல்லாம், 'அதா, உங்க சம்பந்தி கூப்படறாரு, போங்க'ன்னு சொல்லிப்போட்டுச் சிரிப்பாங்க."